மூலையில் ஒரு சின்ன அம்பு

பேடோங் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே,
முடிவெட்டும் கடைக்கும் நாலு நம்பர் கடைக்கும் நடுவில்
ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு நகல் இயந்திரம்.
ஒரு பக்கம் இருபது காசு. கலர் என்றால் ஒரு வெள்ளி.

பென்டிரைவை நீட்டுவார்கள்
மோட்டார் சைக்கிள் சாவியோடு,
மழைநாளில் சட்டைப்பையின் ஈரத்தோடு.
துடைத்துவிட்டுச் சொருகுவேன்.
துடைத்தால் போதும் என்றிருந்தேன்.

கோயில் பொருளாளர் துரைசிங்கம்தான் முதலில் வந்தவர்.
"மருமகன் வீட்டுல போட்டா காலியா இருக்கு.
திருவிழாவுக்கு இன்னும் ஒம்பது நாளு,
கணக்கு எங்கன்னு என்னையத்தானே கேப்பாங்க?"

என் கணினியில் போட்டதும் மஞ்சள் உறை தெரிந்தது.
எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.
அதன் மூலையில் வளைந்திருந்த
சின்ன அம்பைப் பார்த்தேன்,
பார்த்ததை யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் ஆசிரியை புனிதமலர்,
ஐந்தாம் ஆண்டுத் தேர்வுத்தாளைக் காணோம் என்று.
அப்புறம் பாட்டாளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை.
ஒருவர் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது,
வைரஸ்தானே என்றார்.
இல்லைங்க, அது எழுத்துரு இல்லாத குறை என்றேன்.
அந்த ஒன்றைத்தான் நான் சரியாகச் சொன்னேன்.

செம்பனை ஆலைக் கிராணி ரொஸ்லான்
எடைச்சீட்டுகளைத் தொலைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.
காப்பி ஆறும்வரை பேசவில்லை.
பிறகு, ரப்பர் இருந்த காலத்தில்
வெள்ளை வேர் நோய் என்று ஒன்று உண்டு என்றார்.
இலை பழுக்கிறவரை மரம் நன்றாகத்தான் நிற்கும்.
அதற்குள் மண்ணுக்கடியில்
அடுத்த மரத்தின் வேரைத் தொட்டிருக்கும்.
"பழுத்த மரத்தப் பாக்காதீங்க மேடம்,
எந்த மரத்துலேருந்து வந்துச்சுன்னு பாருங்க."

அன்றிரவு ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில்
பேரும் தேதியும் எழுதிக் கோடு இழுத்தேன்.
புனிதமலருக்குத் துரைசிங்கத்தைத் தெரியாது.
ரொஸ்லான் கோயிலுக்குப் போனதில்லை.
எல்லாக் கோடும் வந்து நின்றது
இந்த மின்விசிறிக்குக் கீழே.

அம்புதான் அது. உறையின் வேடம்.
அசலை ஒளித்துவிட்டு அதன் இடத்தில் நிற்கும்.
சொடுக்கியதும் முதலில் தான் ஓடிப்போய் உள்ளே குடியேறும்,
அப்புறம் நல்ல பிள்ளையாய் அசலையும் திறந்து காட்டும்.
யாரும் சந்தேகப்படுவதில்லை.
மருமகனின் கணினி வேடத்தைக் கொன்றிருந்தது,
அதனால் காலி.
என் கணினி மறுபடி வேடம் கட்டி அனுப்பியது.

காவலா? இருந்ததே.
பாசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கு வாங்கிய வட்டு,
திருட்டுச் சாவி போட்டுத் திறந்தது.
மூன்று வருசமாகப் புதுப்பிக்காமலே
பச்சை டிக் காட்டிக்கொண்டிருந்தது.
தோட்டத்துக் கேட்டில் ஜாகாவின் சட்டையை மட்டும்
தொங்கவிட்ட மாதிரி.

நாலு நாள் கதவைச் சாத்தினேன்.
இணையக் கம்பியைப் பிடுங்கி,
எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து ஏற்றி,
நூற்றிருபது வெள்ளிக்கு ரசீதோடு ஒரு காவல் வாங்கி,
சொருகியதும் தானாகத் திறக்கும் பழக்கத்தை நிறுத்தி.
பிறகு நாற்பத்து மூன்று பேருக்குப் போன்:
"உங்க பென்டிரைவ்ல இருக்கிறது
என் கடையிலேருந்து வந்தது."

சிலர் சிரித்தார்கள். ஒரு அம்மா அழுதார்.
பதினோரு பேர் இன்றுவரை ஆ கியோங் கடைக்குத்தான் போகிறார்கள்.
வந்தவர்களிடம் இப்போது
இரண்டு நிமிசம் உட்காருங்கள் என்கிறேன்,
சோதித்துவிட்டுத்தான் திறப்பேன்.
வீட்டில் இன்னொரு பிரதி இருக்கிறதா என்றும் கேட்கிறேன்.
பஸ் வந்துவிடும் என்று முறைக்கிறார்கள்.

ஒளிந்ததை வெளியே எடுக்க
கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி போதும்.
ஆனால் வைரஸ் ஒளித்தது எது,
ஆள் ஒளித்தது எது என்று
அந்த வரி பிரித்துப் பார்ப்பதில்லை.
துரைசிங்கத்தின் கணக்கோடு
'வேண்டாம்' என்று பெயரிட்ட இன்னொரு உறையும் வந்தது.
மூலையில் அம்பு இல்லை. அசல்.
நான் சொடுக்கவில்லை.

"எல்லாம் வந்திருச்சா?"
"வந்திருச்சுங்க."
என் முகத்தையே பார்த்தார்.
ஐந்து வெள்ளித் தாளை வைத்துவிட்டு
மீதிக் காசு வாங்காமல் போனார்.