பதினெட்டுப் பாகை

கல் மூன்றையும் வாளியில் போட்டேன்.
பிளேன்டீயில் தோய்த்த றஸ்க் போல
குமிழ் விட்டுக் குடித்தது முதல் கல்.
சாய்ந்தமருதுக் கிணற்றுச் சவர்த்தண்ணியைக்
குறை சொல்லாமல் குடிப்பது
இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

கத்தி ஜெஸீலுடையது.
மீன் சந்தையில் எனக்குப் பக்கத்து மரக்குத்தி அவனுக்கு.
"ஒள்ளம் தீட்டித் தாவன்" என்று
பழைய பேப்பரில் சுற்றித் தந்தான்.

கவ்வியில் கத்தியை இறுக்கினேன்.
கோலின் நுனியில் கல்.
பதினெட்டுப் பாகையில் திருகாணி.
இனி என் கை நடுங்கினாலும்
கோணம் நடுங்காது;
அதற்குத்தானே ரெண்டு மாதச் சீட்டுக்காசு.

விளிம்பில் மார்க்கர் மை பூசினேன்.
கல் எங்கே தொடுகிறது என்று மைதான் சொல்லும்.
நானூறாம் கல் பத்துத் தரம் போய்வர
வலப்பக்கம் மை முழுதும் போச்சு.
புரட்டிப் போட்டேன்.
இடப்பக்கம்
தோளில் மட்டும் உரசியது கல்,
விளிம்பு கறுப்பாகவே கிடந்தது.

கோணல் என்று நினைத்தேன்.
நானூறு, ஆயிரம், மூவாயிரம்.
சாம்பல் சேறு விரலிடுக்கில் வழிய,
பெருவிரலில் பிசிர் தட்டும்வரை,
மறுகா அந்தப் பிசிரும் போகும்வரை,
இரவு பதினொன்றரை மட்டும் இருந்து
இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கினேன்.
கைமயிர் மழிந்தது.
கரண்ட் பில் சத்தமில்லாமல் இரண்டானது.

காலையில் ஜெஸீல் ஒரு சூரையை வைத்தான்.
முள்ளை ஒட்டிப் போகவேண்டிய கத்தி
முள்ளை விட்டு விலகிச்
சதைக்குள் போனது.
இன்னொன்று. அதுவும்.
அறுக்குளா வாங்க வந்த டீச்சர்
துண்டைத் தூக்கிப் பார்த்து
"ஒரு பக்கம் பலகை, ஒரு பக்கம் ஓலை" என்றா.

இடக்கையிலிருந்த கத்தியை
வலக்கைக்கு மாற்றிப் பார்த்தான்.
"மச்சான்,
நீ இதுக்குச் சோத்துக்கை பழக்கிட்டாய்."

பதினொரு வருடம் பக்கத்தில் நிற்கிறேன்.
அவன் செதிள் என்மேலும்
என் செதிள் அவன்மேலும் தெறிப்பது
ஏனென்று
அப்போதுதான் விளங்கியது.

பின்னேரம் கல்லைத் திரும்ப ஊறப் போட்டேன்.
வலப்பக்கம் பதினெட்டு.
இடப்பக்கம் இருபத்தொன்று, இருபத்துமூன்று,
எங்கே நிறுத்துவது?
அவன் மணிக்கட்டு
எந்தத் திருகாணியிலும் எழுதியில்லை.

பாகைக்கொரு தரம் மை பூசி
மீனொன்று வெட்டச் சொல்கிறேன்.
"இன்னும் ஒள்ளம்" என்கிறான்.
வீட்டில்
நாலு நாளாகச் சூரை ஆணம்.