மாற்றுச் செலுத்துதல்

மாதம் ஒருதரம் தெருவுக்குள் வருவாள் பேங்க் பொன்செல்வி,
கைக்குள் அடங்கும் கறுப்பு எந்திரத்தோடு.
என் கட்டைவிரலை அதற்குத் தெரியாது.
பள்ளிக்கூடம் விட்டு, காலேஜ் சேருமுன்
ஐந்து வருஷம் பீடி சுற்றித் தேய்ந்த விரல்.
"தொடச்சிட்டு வையிட்டி" என்பாள்.
"இன்னும் கொஞ்சம் அமுக்கி."
நாலாவது தடவை எந்திரம் சம்மதிக்கும்,
செய்யது அலி பாத்திமா
உயிரோடு இருப்பதற்கு.

இரண்டாயிரம்.
ஆட்டோ மீரானுக்கு ஆயிரத்து நானூறு.
மேலப்பாளையத்திலிருந்து பாளையங்கோட்டை வரை
சக்கர நாற்காலியை மடித்துக் கயிறு போட்டுக் கட்ட
அவன் தனியாகக் கேட்பதில்லை.
மழை நாளில் மட்டும்
முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வான்.
ஜெராக்ஸுக்கு நூற்றைம்பது.
மிச்சம் உம்மாவிடம்.
உம்மா அதை எண்ணமாட்டாள்.
அரிசி டப்பாவில் போட்டுவிட்டு
தட்டை மடிக்கு இழுத்துக்கொள்வாள்.
பீடிக்கூலி வந்தால் மட்டும்
இரண்டு தரம் எண்ணுவாள்.

கொக்கிரகுளம் ஆபீஸில்
என் காகிதங்களைப் புரட்டியவர்
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"வேலை செய்ய இயலாதவர்னுல்லா போட்டிருக்கு.
பெறகு காலேஜு எதுக்கும்மா?"
கெட்ட மனுஷர் இல்லை.
மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்தவர்.
அவருக்கு உண்மையிலேயே சந்தேகம்.
"வீட்ல சும்மா இருக்கதுக்குப் போறேன் சார்" என்றேன்.
அந்தப் பொய்யின் மேல்
சீல் நன்றாக விழுந்தது.

அதற்குப் பிறகு
கொக்கிரகுளம் போகும் நாளில்
புத்தகப் பையை மீரானின் சீட்டுக்கடியில் விட்டுவிடுவேன்.
கல்லூரிச் சரிவுப்பாதையில்
யாரையும் தள்ளவிடமாட்டேன்.
முடியும் என்று காட்டத் தோள்பட்டை போதும்.
முடியாது என்று காட்டுவதற்குத்தான்
முந்தின ராத்திரியே
தயாராக வேண்டியிருக்கிறது.

அக்டோபரில் பணம் வரவில்லை.
"மேல எங்கயோ நிக்காம்" என்றாள் பொன்செல்வி.
தேர்வுக் கட்டணத்துக்குப் பத்து நாள் இருந்தது.
உம்மா ஒன்றும் சொல்லவில்லை.
காலையில் பார்த்தால் தரையில் இரண்டு தட்டு.
ஒன்று என் பழைய தட்டு,
கத்தரி, நூல், நனைத்த இலையோடு.
மறந்துபோயிருக்கும் என்று நினைத்தேன்.
விரல்கள் என்னைக் கேட்காமலே ஆரம்பித்தன.
மடியில் தட்டு, தட்டுக்கு அந்தப் பக்கம்
சுவரில் சாய்த்துவைத்த பேரியல் பொருளாதார நோட்டு,
பக்கம் திருப்ப மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு.
வேலை செய்ய இயலாதவர்
ஒன்பது நாளில்
ஆறாயிரம் பீடி சுற்றினார்.

தேர்வு எல்லோருக்கும் மாடியில்.
எனக்குக் கீழே, கெமிஸ்ட்ரி லேபில்,
தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை.
கண்காணிக்க வந்த மேடம்
எனக்காகவே ஒருத்தி உட்காரவேண்டியிருக்கிறதே என்று
சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்.
கேள்வி பதினான்கு, ஆ:
மாற்றுச் செலுத்துதல்கள்
நாட்டு வருமானத்தில் ஏன் சேர்க்கப்படுவதில்லை?
எடுத்துக்காட்டுடன் விளக்குக.

எழுதினேன்.
பதிலுக்கு எந்தப் பொருளும் பணியும் உற்பத்தியாகாமல்
ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் பணம்.
ஆகவே சேராது.
எடுத்துக்காட்டு என்று எழுதி
இரண்டு புள்ளி வைத்த இடத்தில்
பேனா நின்றது.
குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.
மேடம் நிமிர்ந்து பார்த்தார்.
முதியோர் உதவித்தொகை என்று போட்டுவிட்டு
அடுத்த கேள்விக்குப் போனேன்.

சனிக்கிழமை பொன்செல்வி வந்தாள்.
"ரெண்டு மாசமும் சேந்து வந்துட்டு, ஓடியா ஓடியா" என்றாள்,
சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
கட்டைவிரல் வைத்தேன். இல்லை.
ஆள்காட்டி விரல். இல்லை.
துடைத்து, தேங்காயெண்ணெய் தொட்டு, மறுபடி.
ஆறாயிரம் பீடிக்கு அப்புறம்
எந்திரத்துக்கு என்னைச் சுத்தமாகத் தெரியவில்லை.
"அந்தக் கையி மோதரவெரல வையி, பாப்பம்."

இடது கை மோதிரவிரல்.
பேனா பிடிக்காதது,
சக்கரத்தை உந்தும்போதும் ஒதுங்கியே இருப்பது.
முதல் தடவையிலேயே
பச்சை விளக்கு.