வழவழப்பு

நீலம் நான்கு மணிநேரம் நிற்க வேண்டும்.
முக்கால் மணியில் வெளுத்துவிட்டது சோதனைக்குழாய்.

கோபாலபுரம் பால் குளிரூட்டு நிலையம்,
ஓணத்துக்கு ஆறு நாள்.
மீனாட்சிபுரம் சாவடியில் திருப்பிவிட்ட
பதினோராயிரம் லிட்டரோடு
ஷிஹாப் வந்து வண்டியை நிறுத்தினான்.
எஞ்சினை அணைக்கவில்லை.
அவன் கோபம் எஞ்சினில்தான் உறுமும்.

"சோடா ஊத்தித்தானுங்க கழுவுனேன்,
எழுவத்தஞ்சு டிகிரி, இருவது நிமிசம்."
திருமூர்த்தி நீட்டிய லாக் புத்தகத்தில்
நீராவி பட்டு மை கலங்கியிருந்தது.
பொய்யில்லை.

மூன்றாவது முழங்கை வளைவைக் கழற்றினோம்.
ரப்பர் வளையத்தின் உள்விளிம்பில்
கண்ணுக்கு ஒன்றுமில்லை.
விரல் வைத்தேன்,
வெண்டைக்காய் அரிந்த கத்தி.

அலையும்போது அது ஒற்றை உயிர்.
வால் சுழல, பால் போகும் வழியெல்லாம் போகும்.
சின்-ஆர் என்றொரு மரபணு
வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருக்கும்:
ஒட்டாதே, கட்டாதே, கிளம்பு.
பிறகு பசி.
பசியில் சின்-ஐ விழிக்கும்,
சின்-ஆரின் கையைப் பிடித்து மடக்கும்.
மடக்கியதும்
வாய் மூடியிருந்த பதினைந்தும் வரிசையாகத் திறந்து
சர்க்கரையில் சாந்து குழைக்கும்.
டாஸ்-ஏ நார் திரிக்கும்.
மேலே ஒரு தோல்,
சேம்பிலைபோல் தண்ணீர் ஒட்டாத தோல்.
சோடா வரும், தட்டிப் பார்க்கும்,
போய்விடும்.

அந்தப் பதினைந்தில் ஒன்றை
எனக்கு ரொம்பப் பிடிக்கும்.
வாலைச் சுழற்றும் மோட்டாரை அது உடைக்காது.
கிளட்சை மட்டும் மிதிக்கும்.
ஷிஹாபிடம் சொன்னேன்.
"நியூட்ரல்ல நிக்குதுன்னு சொல்லுங்க டீச்சர்" என்றான்
(வெள்ளைக் கோட்டு போட்ட எல்லோரும் அவனுக்கு டீச்சர்).
அப்போதுதான் எஞ்சினை அணைத்தான்.

அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டம்
தீப்பெட்டி அகலம்.
மேலாளர் அதில் ஒரு பெயரை எதிர்பார்த்தார்,
சம்பளத்தில் பிடிக்க வசதியாக.
சின், டாஸ் என்று எழுதினால்
ரெண்டு பேரும் எந்த ஷிப்ட் என்பார்.
'வளையம். பதினாலு மாதமாக மாற்றவில்லை'
என்று எழுதினேன்.
மாற்றக் கேட்ட கடிதம்
அவர் மேஜையில்தான், பேப்பர்வெயிட்டுக்கு அடியில்.

சாயங்காலம் மூன்று முறை கை கழுவினேன்.
பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னலோரம்
நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தால்
அங்கேயும் யாரோ
கிளட்சை மிதித்துக்கொண்டிருந்தார்கள்.