ஏழாவது அடி

குன்னூரில் துப்பாக்கி வெடிக்கவில்லை,
ஈரத்தில் நமுத்துவிட்டது.
யாரோ கைதட்டினார், ஓடினோம்.

வண்டிச்சோலை வரை ஹேமா பெள்ளியின் குதிகால்
என் கண்ணில் இருந்தது.
எடப்பள்ளியில் மேகம் இறங்கி அதையும் தின்றது.
அப்புறம் நான் எத்தனாவது என்பதைச்
சாலையோரக் குரல்கள்தான் சொல்லின:
அஞ்சாவது, மலரு, அஞ்சாவது!

ஐந்தாவதுக்கு ஒரு சான்றிதழ், ஒரு பிளாஸ்க்.
வீட்டில் ஏற்கெனவே மூன்று பிளாஸ்க்.
மூன்றுக்குள் வந்தால் மாநில முகாம்.
முகாமுக்கு ரயில்வேக்காரர் வருவார்.
ரயில்வேக்காரர் பார்த்துவிட்டால்...
இந்த இடத்தில் என் ஆசைக்கு மூச்சு வாங்கும்,
எனக்கு வாங்காது.

கட்டபெட்டு தாண்டி, பதினாறாவது கிலோமீட்டரில்
சாலை பெரிதாக ஒரு வளைவு எடுக்கும்.
வளைவின் வயிற்றில் தேயிலை,
தேயிலைக்கு நடுவே ஒரு குறுக்கு.
மலையில் குறுக்கு குற்றமில்லை.
பால் கேன் அதில்தான் இறங்குகிறது,
கேஸ் சிலிண்டர் அதில்தான் தலையில் ஏறுகிறது.
போன மாசம் ஒரு பிரசவ வலி
அதில்தான் ஜீப்பைப் பிடித்தது.
இரண்டாம் ஷிப்டுக்கு ஃபேக்டரி போக
தினமும் என் காலுக்கும் அதுதான் வழி.

அன்றும் கால் திரும்பியது.
நான் திருப்பவில்லை. சத்தியமாகச் சொல்வேன்,
ஆனால் அந்தச் சத்தியம் ஆறு அடிக்குத்தான்.
ஏழாவது அடியில் தார் இல்லை.
மண் மெத்தென்றது, தெரிந்துவிட்டது.
எட்டாவது அடி என்னுடையது.
ஒன்பதாவதும்.

மேலே ஏறித் தாரைத் தொட்டபோது
மேகத்துக்குள் ஒரு பெண் கத்தினாள்:
ரெண்டாவது, ரெண்டாவது!
என்னைவிட அவளுக்குச் சந்தோஷம்.

கோத்தகிரி மைதானத்தில் கழுத்தில் மாட்டினார்கள்.
போட்டோவுக்குச் சிரித்தேன்.
தக்காளி சாதம் பொட்டலம் முழுக்கச் சாப்பிட்டேன்.
இதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான்காவதாக வந்திருந்த ஹேமா பெள்ளி
தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.
"அந்த ஏத்தத்துல எப்படிக்கா என்னைத் தாண்டுனீங்க?
சத்தமே கேக்கல.
கால் எப்படி வைக்கிறதுன்னு எனக்கும் சொல்லுங்க."

சண்டைக்கு வந்திருந்தால் மறைத்திருப்பேன்.

மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த அல்போன்ஸ் சார்
"யாரும் புகார் தரலையேம்மா" என்றார்.
நான் தருகிறேன் என்றேன்.
"யார் மேல?"
படிவத்தில் புகார் தருபவர் பெயர்: யோகமலர்.
யார் மீது: யோகமலர்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி படித்தார்.

இரண்டாவதிலிருந்து ஐந்தாவதுக்குப் போகவில்லை.
பட்டியலிலேயே இல்லை.
பிளாஸ்க்கும் போச்சு.
மனசு லேசாகிவிடும் என்பார்கள்,
ஆகவில்லை. தொடை வலித்தது.
முகாம் போன வலி அதற்குக் கொஞ்சம் மேலே.
ஹேமா மூன்றாவது. நன்றி சொல்லவில்லை,
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்,
அதுவும் சரிதான்.
திரும்பும் பஸ்
அதே வளைவை எடுத்தது,
பொறுமையாக, முழுசாக.

மறுநாள் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது,
குறுக்கிலேயே போனேன், எண்ணிக்கொண்டு.
நூற்றுப் பதினான்கு அடி.

ஞாயிற்றுக்கிழமை காலை
வளைவு முழுக்க ஓடிப் பார்த்தேன்.
நடுவில் ஒரு காட்டெருமை நின்றது.
அது போகும்வரை இருந்துவிட்டுத்
திரும்ப முதலிலிருந்து ஓடினேன்.
அப்புறம் குறுக்கில் ஒரு தடவை.
வித்தியாசம்: ஒரு நிமிஷம், பதினொரு விநாடி.

காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன்.
அடுத்த பந்தயத்துக்குள்
அதை இந்தச் சாலையிலிருந்தே
எடுக்க வேண்டும்.