பதினொன்றாம் அறை, இரவு 9:40

கறுப்புப் பேனா மட்டும். வெள்ளை மை கூடாது.
தவறிவிட்டால் ஒரே ஒரு கோடு,
அடியில் என்ன இருந்தது என்று
படிக்க முடிகிற மாதிரி.
பக்கத்தில் நேரம், அதன் பக்கத்தில் சுருக்கொப்பம்.
என்னுடையது "ரூ."
ரூபாவதிக்கு அந்தக் கட்டத்தில் இடம் போதாது.
விலைச்சீட்டு மாதிரி இருக்கிறது என்று
பகல் ஷிப்ட் பிரமிளா சிரிப்பாள்.

"நன்றாகத் தூங்கினார்" என்று எழுதினால்
நீ உள்ளே போய்ப் பார்த்தாயா என்பார் சிஸ்டர் லின்ஸி.
கண் மூடியிருந்தது, மூச்சு நிமிடத்துக்குப் பதினாறு,
அவ்வளவுதான் உனக்குத் தெரியும்.
"கோபம்" வேண்டாம்.
தட்டைத் தள்ளினாரா, எந்தக் கையால்,
கஞ்சி எத்தனை கரண்டி மிச்சம்.
படுக்கைப்புண் நாணயமளவு என்று ஒருமுறை எழுதி
எந்த நாணயம் என்று திட்டு வாங்கினேன்.
ப்ளஸ் டூ வரை கட்டுரையில் முதல் மார்க் எனக்கு.
உவமையை விட்டொழிக்க எட்டு மாதம் பிடித்தது.

குசுமா பங்கேரா, எழுபத்தொன்பது.
குக் டவுன், இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில்.
இங்கிலீஷ் முதலில் போனது, பிறகு கன்னடம்.
மிச்சமிருப்பது துளு,
இரவு ஷிப்டில் யாருக்கும் தெரியாத துளு.
மாத்திரையை நீட்டினால்
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு "இல்லக்" என்பார்,
பிறகு வாய்க்குள் ஏதோ.
தமிழில் இல்லை, கன்னடத்திலும் இல்லை,
இல்லை என்றால் எங்கேயும் இல்லைதானே.
"மறுத்தார்" கட்டத்தில் டிக்.
ஆறு இரவு, ஆறு டிக்.
அதில் இரண்டு "ரூ."

ஏழாம் இரவு மழை. கரண்ட் போய்
ஜெனரேட்டரும் இருமிவிட்டு நின்றது.
போன் வெளிச்சத்தில் அவர் பக்கத்திலேயே
உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.
அப்போதுதான் வாக்கியம் முழுதாக வந்தது.
இங்கிலீஷ் படிவத்தில், தமிழ் எழுத்தில் எழுதினேன்:
"இல்லக் போவொடு" என்றார். நான்கு முறை.
மாத்திரை எடுக்கவில்லை. பொருள் புரியவில்லை.

புரியவில்லை என்று யாராவது சார்ட்டில் எழுதுவார்களா
என்றார் லின்ஸி காலையில்.
புரியலையே சிஸ்டர், என்றேன்.
அவர் கேட்டது, நான் கேட்டது,
தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்
என்பதை மலையாளத்தில் எப்படி விளக்க.

அடுக்களையில் வாமனா, மூடபித்ரிக்காரர்,
இட்லித்தட்டை ஆவியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.
படித்துக் காட்டினேன்.
தட்டைக் கீழே வைத்துவிட்டு
"வீட்டுக்குப் போகணுமாம்" என்றார்.

இல்லம்.
என் பாஷையிலும் இருந்தது அது.
வீட்டில் யாரும் சொல்வதில்லை,
கல்யாணப் பத்திரிகையில் அச்சடிப்போம்,
இல்லாவிட்டால்
முதியோர் என்ற சொல்லுக்குப் பின்னால்.

என் இரண்டு டிக்குகளின் மேல் ஒவ்வொரு கோடு.
தாமதப் பதிவு: எடுக்கவில்லை. மறுத்தாரா, தெரியாது.
மற்ற நான்கும் மற்றவர்களுடையவை,
தொட எனக்கு உரிமையில்லை.
அந்த வீட்டை விற்றாயிற்று என்று
வாமனாவிடம் மகள் சொன்னாளாம்.
எழுதவில்லை. நான் பார்க்காதது.

"எல்லெ"ன்னு சொல்லிப் பாருங்க, என்றார் வாமனா,
துளுவில் நாளைக்கு.

எட்டாம் இரவு.
இல்லக் போவொடு, என்றார்.
எல்லெ, என்றேன்.
திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

மாத்திரை: எடுத்துக்கொண்டார், 9:40, தண்ணீர் அறுபது மில்லி.
பணியாளர் சொன்ன பொய்க்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில், கறுப்புப் பேனாவில்:
நாளைக்கு என்று சொன்னேன்.
ரூ.