கோணமானி

எங்கள் கடிகாரத்தில் இப்போது பன்னிரண்டே முக்கால்.
இந்த நாட்டில் பொழுது புலர்ந்த பிறகுதான் மணி ஒன்றாகும்;
டெஃப் பூவுக்கும் அதே கணக்கு.
திறக்கும், கொஞ்ச நேரம் உலகைப் பார்க்கும்,
மூடிக்கொள்ளும்.

எள்ளுக்கும் இளைய பூ.
அதன் மூன்று மகரந்தப்பைகளை
நேற்று மாலையே இடுக்கி நுனியால் எடுத்துவிட்டேன்.
இன்று வேறொரு செடியின் பொடியைத் தொட்டு வைக்கவேண்டும்,
நுண்ணோக்கியில் கண் பதித்து, மூச்சை அடக்கி.
தும்மினால் ஒரு வம்சம் போச்சு.

நாற்பது பூ தொட்டால் மூன்று பிடிக்கும்.
மூன்றில் ஒன்று பொய்க்கும்.
மிச்சம் இரண்டும் ஒரு தலைவலியும் எனக்கு.

பக்கத்து அறையில் மெர்சா
டமகசே இலையின் எண்ணெயைப் பிரித்துக்கொண்டிருக்கிறான்.
துளசிக்கு ஒன்றுவிட்ட சகோதரி, எங்கள் ஊர்க் காய்ச்சல் இலை.
அவன் இயந்திரம் தாளில் மலைமலையாய் வரைகிறது:
இருபத்தாறு சிகரம்.
"இதில் எது காய்ச்சலைத் தணிக்கிறது?" என்றேன்.
"பதினாறுக்குப் பெயர் தெரியும்," என்றான்.
"வேலை தெரியாது."
மீந்த இலை இரண்டைக் கசக்கி என் காப்பியில் பிழிந்தான்.
தலைவலி நின்றது.
இலையாலா, காப்பியாலா,
அவன் அதைக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை. நல்ல பையன்.

இரவு மழை பெய்திருந்தது.
கோணமானியோடு வயலில் இறங்கினேன்.
ஆறு வருடமாய் இதுதான் என் உத்தியோகம்:
எது எத்தனை பாகை சாய்ந்தது.
கதிர் முற்ற முற்றத் தண்டு தாங்காது.
தலை கனத்துத் தாழ்வதைப் பணிவு என்று யாரும் புகழலாம்;
படுத்த பயிரை அறுக்கப் போனால் தெரியும்.
சேற்றில் விழுந்த டெஃப் மணியைத்
தேடி எடுத்தவர் எவருமில்லை.
'தொலைந்தது' என்ற சொல்லிலிருந்துதான்
அதன் பேரே வந்ததாம்.

எண் பதினொன்று, அறுபது பாகை.
எண் இருபத்திரண்டு, முழுப் படுக்கை.
எண் முப்பத்தேழு...
கோணமானியைத் துடைத்து மறுபடி வைத்தேன்.
நான்கு பாகை.
முழங்கால் உயரம், தடித்த தண்டு,
மழையென்று ஒன்று பெய்ததையே அறியாத நிற்பு.
ஒரு மரபணுவில் ஓர் எழுத்தை மாற்றியதற்கு!
முனைவர் அஸ்கலெச்சைப் போனில் எழுப்பினேன்.
"மறுபடி அளந்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

உழவர் நாளன்று
எல்லாரும் முப்பத்தேழோடு படம் பிடித்துக்கொண்டார்கள்.
பெதாசா மட்டும் குந்தி உட்கார்ந்து
தன் முழங்கையை அதன் அருகே வைத்துப் பார்த்தார்.
"தானியம்?"
"கூடும்."
"சாயாதா?"
"சாயாது."
"தாள்?"
நான் அட்டவணையைப் புரட்டினேன்.
"மெகாபித் மாதம் என் எருது எதைத் தின்னும்,
உன் கோணத்தையா?"
சுற்றிலும் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.
"சுவருக்கு மண் குழைக்கும்போது போடுவதும் இதே தாள்தான்.
பயிர் நிற்கும், சரி. வீடு?"

பதினான்கு பத்தி அச்சடித்த படிவம் எங்களுடையது:
முளைத்த நாள், பூத்த நாள், கதிர் நீளம்,
ஆயிரம் மணியின் எடை.
ஓரத்தில் விரலகலம் வெள்ளை இருந்தது.
பென்சிலால் கோடு கிழித்து 'தாள்' என்று எழுதினேன்.
எடைபோட்டு நிரப்பியதும்
முப்பத்தேழு ஒன்பது இடம் கீழே இறங்கியது.
"உயரமான பழுப்பு ரகத்தோடு சேர்த்துப் பார்," என்றார் அஸ்கலெச்.
அதாவது, மறுபடி பன்னிரண்டே முக்கால்.
மறுபடி இடுக்கி.

அறுவடையன்று பெதாசா எருதையே ஓட்டி வந்துவிட்டார்.
முப்பத்தேழின் தாளை அதன்முன் போட்டோம்.
மெர்சாகூட வெளியே வந்து நின்றான்.
எருது தின்றது.
கருத்து எதுவும் சொல்லவில்லை.
தலை நிமிர்த்தி இன்னொரு பிடி கேட்டது.

இன்னொரு பிடி இல்லை.