பதினொன்று விழுந்தால்

கேத்தி பாலாடாவில் கேரட் காவல்.
தகரக் கொட்டகை, ஓர் அடுப்பு, இரண்டு பேர்.
பன்றி வந்தால் ஒருவர் போனால் போதும்,
இருவரும் போனால் இருவருக்கும் குளிர்.

பரமபத அட்டையை எலி தின்றுவிட்டது,
பகடை மட்டும் மிச்சம்.
ஒன்று சிவப்பு. மற்றது வெள்ளை, மூலை தேய்ந்தது.
உருட்டு, விழுந்ததைப் பெருக்கு.
ஒற்றைப்படை என்றால் ஜோகி எழுந்து போவான்.
இரட்டைப்படை என்றால் நான்.
யாருக்கு எது என்று காசு சுண்டித்தான் பிரித்தோம்.
நியாயம் என்றுதான் நினைத்தோம்.

மார்கழி முழுக்க நானே போனேன்.
உறைபனியில் புல் நொறுங்கும் சத்தம்
என் பூட்ஸுக்கு மனப்பாடம்.
டின்னைத் தட்டி, டார்ச்சைச் சுழற்றித்
திரும்பும்போதெல்லாம்
கம்பளிக்குள்ளிருந்து ஒரு குரல்:
"எத்தனை?"
"மூணு. குட்டியோட."
"ம்."

முதலில் வெள்ளைப் பகடைமேல்தான் சந்தேகம்.
தனியாக நூறு தடவை உருட்டினேன்.
பாவம், அது யார் பக்கமும் சாயவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம், ஜோகி கடைக்குப் போயிருந்தான்,
சாக்கை விரித்து கேரட் அடுக்கினேன்.
சிவப்புக்கு மேலிருந்து கீழ், வெள்ளைக்குக் குறுக்கே.
ஆறாறு முப்பத்தாறு.
ஒற்றை வருகிற இடத்தில் தழையைக் கிள்ளினேன்.
ஒன்பதுதான் மொட்டை.
ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தால்தான் ஒற்றை.
ஒரு பகடை இரட்டையாக விழுந்தாலும்
பெருக்கல் முழுக்க இரட்டையாகிவிடுகிறது,
பால் அண்டாவில் மோர்த்துளி மாதிரி.
முப்பத்தாறில் இருபத்தேழு என் பெயருக்கு.

எங்களுக்குள் இன்னொரு பந்தயமும் உண்டு.
பன்னிரண்டு விழுந்தால்
காலையில் அவன் காசில் எனக்கு டீ, வர்க்கி.
பதினொன்று விழுந்தால் என் காசில் அவனுக்கு.
பன்னிரண்டு நான் பிறந்த தேதி.
பதினொன்று அவன் மகளின் ஹாஸ்டல் அறை எண்.

கோபம் ஆறாமலே பன்னிரண்டைத் தேடினேன்.
ஈராறு, மூநான்கு, நாமூன்று, ஆறிரண்டு.
நாலு கேரட்.
பதினொன்றைத் தேடினேன்.
சாக்கைத் தூக்கிக்கூடப் பார்த்தேன்.
தன்னையும் ஒன்றையும் தவிர
யாரோடும் வகுபடாத எண்
ஆறோடு முடிகிற பகடைக்குள் எப்படி வரும்?
ஏழும் அப்படித்தான். பதின்மூன்றும்.
இரண்டு மாதமாக உருட்டும் முன்
கைக்குள் ஊதி "பதினொண்ணு" என்கிறானே,
அது ரூட்டே இல்லாத பஸ்ஸுக்கு நிற்பது.

என் தூக்கம் அவனிடம்.
அவன் வர்க்கி என் வயிற்றில்.
ஒன்றுக்கொன்று கழித்துப் பார்த்தேன்.
கழியவில்லை.

கொட்டகைக்கு வெளியே இருமல் கேட்டது.
வரிசையைக் கலைத்தேன்.
"என்ன பண்றே?"
"பொறுக்கறேன்."
"இதெல்லாம் ஏன் தழையில்லாம?"
"எலி" என்றேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு நாய் குரைத்தது.
ஜோகி பகடையை எடுத்து ஊதினான்.
அஞ்சும் அஞ்சும்.
அத்தனை கேரட்டில் அதற்கு ஒன்றே ஒன்று.
"என் நேரம்" என்று கம்பளியை உதறி எழுந்தான்.
கதவருகே நின்று கேட்டான்:
"இத்தனை நாள் வரல.
இனிமே பதினொண்ணு பக்கத்துல வந்திருக்கும், இல்ல?"

பதினொன்றின் பக்கத்தில் பத்து இருக்கிறது.
பன்னிரண்டு இருக்கிறது.
டார்ச்சை நீட்டினேன்.
பேட்டரி கம்மி என்று மட்டும் சொன்னேன்.